தலைமாட்டுச் சூடு

போர்வை சூடாக இருந்தது.

அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

கூரைக்கடிப் பரணுக்கு ஏறியது குழாயைப் பூட்டத்தான். குளியலறை ஆவியை ஃபேன் உறிஞ்சிக் கூரைக்கு வெளியே தள்ளுகிற வெள்ளிநிறக் குழாய். எங்கோ கழன்றுவிட்டது. கீழே சீலிங்கெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். லண்டனில் வேலைக்கு ஆள் வந்து சேர்வதற்குள் வீடே இடிந்து விழுந்துவிடும் என்று, மெயினை அணைத்துவிட்டு, டேப்பும் டார்ச்சுமாகத் தானே ஏறியிருந்தார்.

குழாய் தானாகக் கழன்றிருக்கவில்லை.

யாரோ கழற்றி, வளைத்து, அதன் வாயைப் போர்வையின் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். படுக்கிறவனுக்குச் சூடு வரட்டும் என்று.

ஃபேன் நின்று எவ்வளவோ நேரமாகிவிட்டது. போர்வைக்கு இந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

டார்ச்சைத் தூர அடித்துப் பார்த்தார்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒட்டுச் சுவர் வீடுகள். பரணில் மட்டும் வீட்டுக்கு வீடு தடுப்பில்லை. இருட்டு கடைசி வீடு வரைக்கும் போயிற்று. அந்த வீடு கனகாலமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதன் வழியாக ஏறி வந்த எவனோ போக்கிடம் இல்லாதவன், அவ்வளவுதான். பொலிஸுக்குப் போன் அடித்தால் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள்.

அப்போதுதான் பார்த்தார். விரித்த பேப்பரில் முருங்கைக்காய்ச் சக்கை.

அட கடவுளே!

மனைவி தவமலர் காலையில் பின்வளவு மதிலில் காகத்துக்கு வைக்கிற சோறு. மகன் சேயோன் செத்ததிலிருந்து அவனுக்குப் பிடித்த முருங்கைக்காய்க் கறியோடுதான் வைப்பாள். தட்டு காலியானால்தான் தானும் ஒரு வாய் சாப்பிடுவாள். முன்பெல்லாம் வைத்தது வைத்தபடி கிடக்கும். மனுசி எலும்பும் தோலுமாகப் போனாள்.

இந்தக் குளிர் தொடங்கியதிலிருந்து தட்டு தினமும் காலி.

"பிள்ளை வந்திட்டான்" என்று சாப்பிட்டாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. அவரும் வெட்கத்தை விட்டுக் காகத்தைக் கும்பிடத் தொடங்கியிருந்தார்.

காகம் முருங்கைக்காயைச் சப்புமா?

குனிந்தார். ஒவ்வொரு துண்டையும் மூன்றாகப் பிளந்து, வழித்துச் சப்பி, சக்கையை விறகு அடுக்குவதுபோல அடுக்கியிருந்தது.

அப்படி அடுக்குகிற ஒருவனைத்தான் அவருக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையில் எத்தனை தரம் ஏசியிருப்பார்! அவனுடைய சாம்பலைக் கடலில் கரைத்ததும் அவர்தான்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஏதோ மூச்சு விட்டது.

டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பவில்லை. பயம். அங்கே இருப்பது அவனாக இருந்தால் என்ற பயம். அவனாக இல்லாவிட்டால் என்ற பயம் அதைவிடப் பெரிது. நாளைக்குத் தட்டு காலியாக வேண்டுமே.

குழாயைத் தொடாமல் இறங்கினார்.

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற தவமலர், பிரிக்காத டேப்பைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தை. போய் மெயினைப் போட்டாள்.

மாலையில் பனி கொட்டத் தொடங்கியது.

குளியலறைப் பக்கம் போனார். உள்ளே யாரும் இல்லை. கதவு அகலத் திறந்திருந்தது. ஹீற்றர் கொதித்தது. ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் கை சுவிட்சுக்குப் போயிற்று.

"இஞ்சேருங்கோ, அதை நிப்பாட்டாதேங்கோ" என்றாள் தவமலர் குசினிக்குள் இருந்து. முருங்கைக்காய் நறுக்குகிற சத்தம் கேட்டது.

"மேல இரவைக்குச் சரியாக் குளிருமாம்."