காயத்துக்குக் காரணம்

தட்டாமலே கதவை உடைத்து நுழைந்த போலீஸார், சாப்பிட்டுக்கொண்டிருந்த இருதயராஜின் மண்டையில் இரும்புத் தடியை இறக்கினார்கள். வாரண்டில் இருந்தது பழைய கதவு எண் பதினான்கு என்பது பிறகுதான் தெரிந்தது. இது புதிய எண் பதினான்கு.

சோற்றில் ரத்தம் கொட்டியது. மனைவி செலின் இரண்டு கைகளாலும் காயத்தை அழுத்திக்கொண்டு கத்தினாள்.

"ஆம்புலன்ஸக் கூப்புடுங்க சார்!"

"ரிப்போர்ட்ட முடிச்சாத்தாம்மா வண்டி கெளம்பும்." இன்ஸ்பெக்டர் டேப்லெட்டை நீட்டினார். "காயத்துக்குக் காரணம் என்ன? எதிர்த்தாரா, ஓடினாரா?"

"சோறு தின்னுக்கிட்டு இருந்தாருய்யா!"

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

செலின் 'எதிர்த்தார்' என்றாள். ஒரு கையை மட்டும் எடுத்துக் கட்டைவிரலைத் திரையில் வைத்தாள். திரை சிவந்தது: 'விரல் சுத்தமாக இல்லை. துடைத்துவிட்டு மீண்டும் வைக்கவும்.'

துடைக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. செலின் காயத்தை விட்டு மற்றக் கையையும் எடுத்தாள்.