வெளிப்பக்கத் தையல்

“இது தையலா அண்ணே, கோழி கிளறின குப்பையா?”

தையல்காரம்மா துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மீட்டர்காரர் ஸ்டூலில் குறுகி உட்கார்ந்திருந்தார். வீடுவீடாக மின்சார மீட்டர் பார்த்தே தலை நரைத்தவர். பத்து நாளாகத் தினமும் காலையில் வந்து பொத்தான் தைக்கப் பழகுகிறார்.

“இடது கைக்காரன் தங்கச்சி. என்ன பண்ணாலும் இடது பக்கமே சாயுது.”

“சாயட்டும். ஒரு முடிச்சு போதும்கிற இடத்துல எதுக்கு நாலு?”

“மீட்டர் பெட்டியைப் பூட்டிட்டு நாலு தடவை இழுத்துப் பாக்கற கை. சந்தேகப் பிராணி.”

வெட்டுமேசையிலிருந்து அவள் கணவர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. அந்த வீட்டில் இன்று எந்தச் சிரிப்பும் முழுசாக வரவில்லை.

மூன்று மாதமாக ஒரு சாம்பல் மூட்டம் ஊரை நெருங்கிக்கொண்டிருந்தது. தொட்டதையெல்லாம் இல்லாமல் ஆக்கியது. முதலில் கல்குவாரி. பிறகு பெட்ரோல் பங்க். அதற்குள் போன பேருந்து திரும்பவே இல்லை. அதைத் தடுக்கும் வித்தை இந்த ஒரு குடும்பத்துக்குத்தான் தெரியும். மகள் வெயிலைத் திரித்து நூலாக்குவாள். கணவர் காற்றைத் துணிபோல வெட்டித் தருவார். அவள் தைப்பாள். அப்படித் தைத்துத் தைத்து, ஊரைச் சுற்றி ஒரு மெல்லிய திரை எழும்பிவிட்டது. ஓர் ஆள் நுழையும் வாசல் மட்டும்தான் பாக்கி. இன்று மாலை நான்கு மணிக்கு அதையும் தைத்துவிட வேண்டும்.

“நகராட்சி அதிகாரி உங்ககிட்ட லைசென்ஸ் கேட்டாராமே?”

“அது போன மாசம். நேத்து அவரே நாற்காலியைத் தூக்கிட்டு வந்து, ‘உக்காந்து தைங்கம்மா’ங்கறாரு.”

மீட்டர்காரர் சிரிக்கவில்லை. ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடைசித் தையலை வெளியில நின்னுதான் போடணுமா தங்கச்சி? கட்டாயமா?”

அவள் பஞ்சு அடைத்த தலையணை ஒன்றை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

“இதோட வாயை உள்ளே இருந்து தைங்க பாக்கலாம்.”

அவர் தலையணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்து நூல் திரித்துக்கொண்டிருந்த மகளின் தோள் குலுங்கியது.

“நான் போறேங்கறேன், கேக்கமாட்டேங்கறா,” என்றார் கணவர். “கத்தரி புடிச்ச கைக்கு ஊசி வராதாம்.”

“வருமா? போன வருஷம் உங்க சட்டைக் கையை உங்களோட சேர்த்துத் தைச்சீங்களே!”

“தைச்சு முடிச்சப்புறம்?” என்று கேட்டார் மீட்டர்காரர்.

“அப்புறமென்ன? மூட்டம் இருக்கும், நான் இருப்பேன். யாரு முதல்ல சலிச்சுப்போறாங்கன்னு பாத்துடறேன்.” அவள் குரல் லேசாக உடைந்தது. சமாளித்துக்கொண்டு, “அது கிடக்கட்டும். இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்தத் தையல் பைத்தியம்?” என்றாள்.

“நாளையிலருந்து நீங்க இருக்கமாட்டீங்க. என் பொத்தானை யாரு தைப்பா? தனி ஆளு நான்.”

அவள் எழுந்தாள். மகள் திரித்து வைத்த நூலிலிருந்து ஒரு கண்டையும் ஒரு ஊசியையும் எடுத்து அவர் கையில் வைத்தாள். நூல் பளிச்சென்று மினுங்கியது.

“பாருங்க, உங்க கையிலயும் மினுங்குது. ஆள் தராதரம் பாக்காத நூல். வச்சுக்குங்க. ஆயுசுக்கும் பொத்தான் தைக்கலாம்.”

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால ஒத்தைப் பையோட இந்த ஊருக்கு வந்தேன். எவன்னு ஒருத்தரும் கேக்கல. வெயில்ல வந்திருக்கான்னு தண்ணி குடுத்தாங்க. நான் தண்ணி குடிக்காத வீடு இந்த ஊர்ல இல்ல தங்கச்சி. நல்லா இருங்க எல்லாரும்.”

வீட்டு வாசலில் இருந்த மீட்டர் பெட்டியை வழக்கம்போல நாலு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருவில் இறங்கினார்.

நான்கு மணிக்கு மூவரும் திரையின் வாசல் இருந்த ஊர்க்கோடிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். வழியெங்கும் கதவுகள் திறந்தன. ரொட்டிக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பள்ளிக்கூட ஆசிரியை ஓடி வந்து அவள் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

“அம்மா, ஒரே ஒரு நிமிஷம்மா.” மகள் அவளைக் கட்டிக்கொண்டாள்.

“போதும்டி. நூல் நனைஞ்சிடப் போவுது.”

கணவர் கண்களை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் கால் நகராது என்று தெரியும். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு வாசலைக் கடக்கக் காலெடுத்து வைத்தாள். நெற்றியில் திரை இடித்தது.

வாசல் இல்லை.

“மூடியிருக்கே!” என்றார் கணவர். “யாரு தைச்சது?”

அவள் விரல்களால் மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே வந்தாள். வெளியில் நின்று போட்ட தையல், ஒவ்வொன்றும் இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது. கடைசியில், ஒன்று போதும்கிற இடத்தில், நான்கு முடிச்சுகள்.