அண்ணனின் பல்நூல்

அண்ணன் தணிகாசலத்தின் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வீட்டில் கவுச்சி கூடாது என்று கறாராகச் சொன்னதே தம்பி ஞானவேல்தான். மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததிலிருந்து அவன் கடைவாயை நாக்கால் நோண்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்த அண்ணி, அலமாரியிலிருந்து ஒரு சின்ன வெள்ளை டப்பாவை எடுத்து வந்தாள். "உங்க அண்ணனோடது தம்பி. தெனமும் இந்த நூலாலதான் பல்லிடுக்கெல்லாம் எடுப்பாரு. ரெண்டு விரல்லயும் சுத்திக்கிட்டு, பல்லோரமா மெதுவா இறக்குங்க. வெடுக்குன்னு இழுத்தா ஈறு கிழிஞ்சிடும்." டப்பாவில் பாதிக்கு மேல் நூல் மிச்சமிருந்தது. கண்ணாடி முன் நின்று அவள் சொன்னபடியே செய்தான். புதினா வாசமடித்த நூல் கடைவாய்ப் பல்லை உரசி மேலேறியபோது பழுப்பாய் ஒரு நார் ஒட்டிக்கொண்டு வந்தது. காலையில் காரியத்துக்குச் சாமான் வாங்கப் போன இடத்தில், ஓர் ஓட்டலின் பின்வரிசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அவன் தின்ற மட்டன் பிரியாணி. "வந்துடுச்சா?" அண்ணி பின்னாலேயே வந்து நின்றாள். "ம்." "முருங்கக்கா நாராத்தான் இருக்கும். முத்தல்னு தெரிஞ்சும் நான்தான் சாம்பார்ல போட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க தம்பி." நூல் இறுகி அவன் விரல்நுனி நீலம் பாரித்திருந்தது. "குடுங்க, குப்பையில போட்டுடறேன்" என்று உள்ளங்கையை நீட்டினாள். ஞானவேல் நூலை விரலில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டான்.