கனகலதாவின் பெட்டி

“எனக்குப் பர்மிஷன் குடுக்காதீங்கன்னு நீயே என் ஆபீஸ்ல போய்ச் சொன்னியா?” கனகலதா புருஷனை ‘நீ’ என்று சொல்லி இன்றுதான் கேட்கிறேன், துணி காய்ந்தும் எதிர்வீட்டு மொட்டைமாடியிலிருந்து நான் இறங்கவில்லை. அனுமதி இல்லாமல் அரசு ஊழியர் வெளிநாடு போக முடியாது. சிங்கப்பூரில் மகள் சுருதிக்கு இந்த வாரம் பிரசவம். “நீ போயிட்டா எனக்கு யாரு சோறு போடறது?” என்று அனந்த் அவளுடைய பெட்டியை உதைக்கிறார். பிரசவ லேகியப் புட்டி உடைந்து வாசல் கோலத்தில் கருப்பாக வழிகிறது. எங்கள் வேங்கிக்கால் வெயிலில் அவள் கையில் பித்தளைக் கரண்டி பளிச்சென்று உயர்ந்து இறங்குகிறது. அனந்தின் நெற்றி பிளந்து வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம். கரண்டி மறுபடியும் உயர்கிறது. பேரன் பிறந்து சில மாதங்கள் கழித்துத்தான் அவளுக்கு விருப்ப ஓய்வு கிடைத்தது, சிங்கப்பூருக்கே போய்விட்டாள். அனந்த் பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் நிற்கிறார், அன்னதான வரிசையில், முதல் ஆளாக.