இடைவேளைக்குப் பின்

இடைவேளை விசில் ஊதியதும் மைதானத்திலிருந்து ஓடிவந்த கோல்கீப்பர் லாசரஸ், பந்தாட்ட உடுப்பின்மேல் கோட்டை மாட்டிக்கொண்டு ரசாயனச் செய்முறைப் பரீட்சையில் நிற்கிறான். முழங்காலில் காய்ந்துபோன செம்மண் செதில்செதிலாக ஆய்வுக்கூடத் தரையில் உதிர்கிறது. அமிலத்தை அளவுக்குழாயில் வாயால் உறிஞ்சும்போது உதட்டில் மைதானத்துப் புழுதி கரிக்கிறது. மேலே மாட்டியிருக்கும் கண்ணாடிக் குழாயின் அடித்திருகு வழியாகக் காரக்கரைசல் சொட்டுச் சொட்டாகக் குடுவையில் விழுகிறது. நிறமில்லாத அமிலம் லேசாக ரோஜா நிறம் காட்டும் அந்தச் சொட்டிலேயே திருகை மூடிவிட வேண்டும். அதற்குமேல் ஒரு சொட்டு விழுந்தாலும் கணக்கு கெட்டது. திருகைப் பிடித்த விரல்கள் நடுங்குகின்றன. ஜன்னலுக்கு வெளியே, தூங்குமூஞ்சி மரங்களுக்கு அப்பால், அவன் விட்டுவந்த கோலில் இப்போது சின்னப்பன் நிற்கிறான். ஒரு மேட்சில்கூட நின்றறியாதவன். திடீரென்று, வேடிக்கை பார்க்க வந்த கன்டோன்மென்ட் சிப்பாய்களின் கூச்சல் மரங்களைத் தாண்டி வருகிறது. விரல் நழுவுகிறது. குடுவை பீட்ரூட்டாய்ச் சிவக்கிறது.

"கோல் யாருக்கு சார்?"

ஜன்னலோரம் நிற்கும் பேராசிரியர் சீனிவாசராகவன் வெளியே எட்டிப் பார்க்கிறார். வெகுநேரம் பார்க்கிறார். பிறகு ஓசைப்படாமல் ஜன்னல் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டுகிறார்.

"குடுவையை அலம்பிட்டு மறுபடி பண்ணுப்பா. இன்னும் நேரம் இருக்கு."

லாசரஸ் மறுபடி கேட்கவில்லை. குடுவையை அலம்புகிறான், அமிலத்தை அளக்கிறான், திருகைத் திறக்கிறான். இப்போது விரல்கள் நடுங்கவில்லை.