முந்நூறு பூனைகளும் ஒரு மீசையும்

கல்லூரி விநாடி வினாவில் கடைசிக் கேள்வி. நானும் என் ரூம்மேட் குண்டூசியும் சமமான புள்ளிகளில் நின்றோம். தோற்றவன் மீசையை எடுத்துவிட வேண்டும் என்று எங்களுக்குள் பந்தயம். என்னுடையது மூன்று வருஷம் தவமிருந்து வளர்த்த மீசை.

ஆங்கிலப் பேராசிரியர் அட்டையைப் பார்த்துப் படித்தார். “மழை கொட்டினா, நாயும் பூனையுமா பெய்யுதுன்னு ஆங்கிலத்துல சொல்றாங்களே, அது எப்படி வந்துச்சு?”

“உறுதியா யாருக்கும் தெரியாது சார்,” என்றேன்.

“தப்பு.”

குண்டூசி எழுந்தான். “ஒரு ராணி மொட்டைமாடியில முந்நூறு பூனை வளர்த்தாங்க சார். காவலுக்கு நாய் வேற. ஒருநாள் புயல்ல மொத்தமும் கடைத்தெருவுல வந்து விழுந்துச்சு.”

“சரியான விடை.”

அரங்கமே கைதட்டியது.

“அது சுத்தப் புளுகுடா,” என்று அவன் காதைக் கடித்தேன்.

“நெட்ல பத்து லட்சம் பேர் படிச்சிருக்காங்க. நீ மட்டும்தான் அறிவாளியாக்கும்?” என்றபடி ரேஸரை நீட்டினான்.

வாங்கிக்கொண்டேன். முதல் வருஷம் இதே பேராசிரியரின் வகுப்பில், தூக்கம் வராமலிருக்க, கடைசி பெஞ்சிலிருந்து அந்த ராணியைப் பூனைகளோடு நெட்டில் ஏற்றிவிட்டவன் நான்தான்.