பிளஸ், மைனஸ், பூஜ்யம்

"சுவிட்சைப் போடப் போறேன்!" என்று கூடத்திலிருந்து அறிவித்தேன்.

சமையலறையில் மனைவி அடுப்பை அணைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் கிளம்பினாள்.

ஒவ்வொரு முறையும் இதே கதைதான்.

"இன்னைக்காவது நின்னு பாரேன்" என்றேன்.

"நீங்க பாருங்க. நான் இதோ வந்துடறேன்."

"எதிர் வீட்டு அக்காவோட அரட்டை அவ்வளவு முக்கியமா?"

அதற்குள் அவள் வாசலைத் தாண்டியிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது.

வாரம் முழுக்க நான் ஆயுள் காப்பீடு விற்கிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விஞ்ஞானி. விஞ்ஞானிக்கு வேண்டியதெல்லாம் ஒரு சின்ன பவர் சப்ளை. ஒரு பக்கம் பிளஸ் பன்னிரண்டு வோல்ட், இன்னொரு பக்கம் மைனஸ் பன்னிரண்டு, நடுவில் பூஜ்யம். நான் செய்துகொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டும் வேண்டும். மாதக்கணக்கில் முட்டி மோதியும் இரண்டும் வரவில்லை. பூஜ்யம் மட்டும் தவறாமல் வந்தது.

"கடையில ரெடிமேடா கிடைக்குமே?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள்.

"சாப்பாடுகூடத்தான் கடையில கிடைக்குது. நீ ஏன் மெனக்கெட்டு சமைக்கிறே?"

"நான் சமைச்சா வெடிக்காது."

என்ன செய்ய? மைனஸ் பக்கத்தில் கெப்பாசிட்டரைத் திருப்பி மாட்ட வேண்டும். படித்த எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. பிளஸ் பக்கம் மாட்டிய மாதிரியே மாட்டினேன். டப்பென்று வெடித்தது. "ஐயோ!" என்று அலறினேன். நல்லவேளை, அந்த நொடியே கரண்ட் போய்விட்டது. அடுத்த முறை டிரான்ஸ்ஃபார்மர் புகைந்தது. அப்போதும் அலறினேன், அப்போதும் கரண்ட் போய்விட்டது.

"எனக்கு எப்பவுமே நேரம் நல்லா இருக்கும்" என்று ஆபீஸில்கூட அளந்து வைத்திருக்கிறேன்.

வீட்டில்தான் ரசிக்க ஆளில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்கிறவள், ஒரே ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்தால் குறைந்தா போய்விடுவாள்?

சுவிட்சைத் தட்டினேன். வெடிக்கவில்லை. புகையவும் இல்லை.

மல்டிமீட்டரை வைத்தேன். பிளஸ் பன்னிரண்டு! மறுபக்கம் வைத்தேன். மைனஸ் பன்னிரண்டு!

"ஆ!" என்று வீடே அதிரக் கத்திவிட்டேன்.

பொசுக்கென்று கரண்ட் போனது.

எனக்கு வந்ததே கோபம். முதல் முறையாக ஒழுங்காக வேலை செய்கிறது, இப்போதா போக வேண்டும்? யாரைத் திட்டலாம் என்று தெரியாமல் வெளியே ஓடினேன்.

எதிர் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

மாடிப்படி ஓரத்தில், எங்கள் மீட்டர் பெட்டியின் மெயின் சுவிட்சில் கை வைத்தபடி மனைவி நின்றிருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. இன்னொரு கையில் ஒரு காய்ந்த மரக்கட்டை.

"கத்தினீங்களே... உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"சந்தோஷத்துல கத்தினேன்! இந்தக் கட்டை எதுக்கு?"

"நீங்க ஒயரோட ஒட்டிக்கிட்டா தட்டி விட."

எனக்கு மெல்ல உறைத்தது.

"அப்போ... கெப்பாசிட்டர் வெடிச்சப்போ கரண்ட் போச்சே?"

"நான்தான்."

"டிரான்ஸ்ஃபார்மர் புகைஞ்சப்போ?"

"அதுவும் நான்தான். நேரம் நல்லா இருக்குன்னு அவ்வளவு பெருமையா சொல்லிக்கிட்டிருந்தீங்க. அதை எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

எதிர் வீட்டு அக்கா கதவிடுக்கில் எட்டிப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

"சரி, உள்ளே வா. இப்போ நிஜமாவே வேலை செய்யுது. ஒரு தடவையாவது பக்கத்துல நின்னு பாரு."

அவள் மெயின் சுவிட்சை மறுபடி போட்டாள். கையை மட்டும் அதிலிருந்து எடுக்கவில்லை.

"பார்க்கணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையா? நான் உள்ள வந்துட்டா, இங்க யாருங்க நிக்கிறது?"